மாஸ்டர் தொடாத லேப்டாப்

அந்த லேப்டாப் நான்கு வருடமாக எங்கள் கம்பெனி ஸ்டோர் அறையில், பட்டன் டப்பாக்களுக்கும் லேபிள் கட்டுகளுக்கும் மேலே, கடைசித் தட்டில் கிடந்தது. கைக்குழந்தைகளுக்கான பனியன் துணி உடுப்புகள் தைக்கும் கம்பெனி எங்களுடையது. திருப்பூரில் அப்படிப்பட்ட இடங்களில் பஞ்சு பறக்காத மூலை கிடையாது. ஏணி போட்டு இறக்கியபோது மூடிமேல் பஞ்சு கனமாகப் படிந்திருந்தது. ஓரத்தில் நகத்தால் கிளப்பி இழுத்தேன். ஒரே துண்டாக உரிந்து வந்தது.

பட்டனை அழுத்தினால் நீல விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி இரண்டு சுற்று சுற்றியது. மூன்று தடவை 'பீப்' சத்தம் வந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. அரை நிமிடத்தில் விளக்கும் அணைந்துவிட்டது. அன்று மதியத்துக்குள் அதையே பதினைந்து தடவையாவது செய்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த மூன்று பீப் எனக்கு எரிச்சலை ஏற்றிக்கொண்டே போனது.

நான் அங்கே மெர்ச்சண்டைசர். வெளிநாட்டில் ஆர்டர் கொடுக்கிறவர்களிடம் பேசி, அவர்கள் கேட்ட அளவும் நிறமும் தையலும் சரியாகப் போய்ச் சேருகிறதா என்று பார்ப்பது என் வேலை. பழைய பையர் ஒருவர், நான்கு வருடத்துக்கு முன் எங்களிடம் வாங்கிய ஒரு ராம்பரை, அதாவது தோளிலிருந்து தொடைவரை ஒரே உடுப்பாக வரும் குழந்தைச் சட்டையை, அதே மாதிரி மறுபடி வேண்டும் என்று கேட்டிருந்தார். அதன் பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான வரைபடம், அந்த லேப்டாப்பில் மட்டும்தான் இருந்தது. காகிதத்தில் வெட்டி வைத்திருந்ததை குடோன் மாற்றும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டார்கள். இப்போதைய பேட்டர்ன் மாஸ்டர் இரண்டு முறை புதிதாக வரைந்து சாம்பிள் அனுப்பினார். இரண்டும் திரும்பி வந்தன. அளவெல்லாம் சரி, ஆனால் குழந்தை உட்காரும்போது பின்பக்கம் பழையதுபோல் படியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிற ஆள் லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைப் பழைய இரும்புக்குப் போடலாங்க மேடம்" என்றார். ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தார். உள்ளே நூற்றுக்கணக்கான ஃபைல்கள் இருந்தன. ஒன்றும் திறக்கவில்லை. அந்தப் பழைய டிசைன் சாஃப்ட்வேர் இந்த லேப்டாப்பில் மட்டும் ஓடும்படி போட்டிருந்தார்களாம். இப்போது அதை விற்பவர்களே இல்லை. டிஸ்கைத் திரும்ப மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "போர்டு போயிருச்சுங்க" என்று மூடிக் கொடுத்தார். எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். "அதான் பீப் அடிக்குதுல்லங்க" என்றார். அதற்குமேல் அவரிடம் பேசப் பிடிக்கவில்லை.

மறுநாள் முதலாளி என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மாஸ்டரைக் கேட்டீங்களா?"

"புது மாஸ்டருக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"நான் பழைய மாஸ்டரைச் சொல்றேனுங்க. அவருதான அந்த லேப்டாப்பை வெச்சிருந்தாரு. அவருக்குத் தெரியாம இருக்காது. நீங்க ஒருக்கா போய்ட்டு வந்துருங்க."

வேறு யாரையாவது அனுப்பலாமே என்றேன். அவர் கையில் இருந்த துணித் துண்டை மடித்துக்கொண்டே, "உங்க பையருங்க. நீங்க போனாத்தான் ஆகும்" என்றார்.

அந்தப் பழைய மாஸ்டரும் நானும் ஒன்பது வருடம் எதிரெதிர் மேஜையில் உட்கார்ந்திருந்தோம். முதல் வருடத்திலேயே ஒருவரையொருவர் பிடிக்காமல் போய்விட்டது. நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்தவள். என் பேச்சை அவர் மற்றவர்கள் முன்னால் பேசிக் காட்டுவார். சாம்பிள் தைக்கிற பெண்கள் ஒரு தையல் பிசகினால் துணியை அவர்கள் மடியில் வீசுவார். தன் வேலையை யாரும் கற்றுக்கொண்டுவிடக் கூடாது என்பதில் அவருக்கு அப்படி ஒரு கவனம். ஃபைல்களுக்கு ஸ்டைல் நம்பரை வைக்க மாட்டார். கத்திரி, அவரை, சுரை என்று காய்கறிப் பெயர்களை வைப்பார். எது எந்த உடுப்பு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். நான் அவரைப் பற்றி முதலாளியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். அவரும் என்னைப் பற்றிச் சொல்லியிருப்பார். ஆனால் வேலையில் அவருக்கு இணையான ஒருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

அந்த ராம்பர் ஆர்டரில்தான் அவர் போனார். பையர் கழுத்து அளவைப் பெரிதாக்கிப் புது அளவு அட்டவணையை எனக்கு அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று வேறொரு ஷிப்மென்ட் தலைமேல் நின்றது. மெயிலைத் திறந்து பார்த்தேன்; பிறகு அனுப்பலாம் என்று விட்டேன்; மறந்தேன். புதன் காலை பழைய அளவிலேயே துணி வெட்ட ஆரம்பித்துவிட்டார்கள். வியாழன் மாலைதான் நினைவு வந்து மாஸ்டருக்கு அனுப்பினேன். அதற்குள் முழுவதும் வெட்டி, பாதி தைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பையர் தரப்பிலிருந்து பரிசோதனைக்கு வந்தவர் பொம்மைத் தலையில் சட்டையை மாட்டினார். தலை நுழையவில்லை. ஐந்தாறு சட்டைகளை எடுத்து அதே மாதிரி செய்து பார்த்துவிட்டுப் பேனாவை மூடி வைத்தார்.

முதலாளி எங்கள் இருவரையும் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நிற்க வைத்துக் கேட்டார். நான், "செவ்வாய்க்கிழமையே குடுத்துட்டேங்க. பிரிண்ட் எடுத்து மாஸ்டர் மேஜையில வெச்சேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை. வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்கவில்லை. மாஸ்டர், "செவ்வாய்க்கிழமை எனக்கு ஒண்ணும் வரலீங்க" என்று மட்டும் சொன்னார். மெயிலைத் திறந்து காட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சரியான அளவில் பேட்டர்னை மாற்றித் தரச் சொன்னார்கள். இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றிக் கொடுத்தார். கொடுத்த அன்று மாலை, எல்லோரும் பார்க்க, நாளையிலிருந்து வர வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

பிறகு வேறு கம்பெனிகளிலிருந்து அவரைப் பற்றி விசாரிக்கப் போன் வந்தது. இரண்டு போனை நான் எடுத்தேன். அவர் தப்பு செய்தார் என்று நான் சொல்லவில்லை. "அதைப் பத்தி நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்றேன். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவர் நம்பருக்கு மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. நான்காவது முறை அவர் மனைவி எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டுக்கொண்டார். பிறகு, "ஞாயித்துக்கெழமை வாங்க. பத்து மணிக்கு மேல வாங்க" என்று வைத்துவிட்டார்.

மாஸ்டர் வீடு இருந்த மடத்துக்குளத்துக்கு உடுமலைப்பேட்டையில் பஸ் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆனதால் பழனிக்குப் போகிற கூட்டம். பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் அவர் என்ன கேட்பார், நான் என்ன சொல்வேன் என்று மனதுக்குள் ஓட்டிக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றிலும் கடைசியில் நானே ஜெயித்தேன்.

வீடு பெரியதில்லை. முன்னறையை ஒரு நீள மேஜை அடைத்துக்கொண்டிருந்தது. மேல் முழுக்க பழுப்புக் காகிதமும் அளவுகோல்களும். உடுமலையில் நைட்டி தைக்கிற இரண்டு இடங்களுக்குக் கையாலேயே பேட்டர்ன் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளைத்திருந்தார். சட்டையை இன் பண்ணி, முன்னைப் போலவே பாக்கெட்டில் மூன்று பென்சில் வைத்திருந்தார்.

"வாங்க. உக்காருங்க" என்றார். நாற்காலியைக் காட்டினார்.

இந்தப் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் பேச்சைத் தொடங்க மாட்டார்கள். நான் திருப்பூருக்கு வந்த பத்தொன்பது வருடத்தில் தண்ணீர் கொடுக்காத ஒரு வீட்டை அன்றுதான் பார்த்தேன். அவர் மேஜைமேல் இருந்த காகிதங்களைச் சுருட்டி ஒரு பக்கம் ஒதுக்கினார். "அதுல வையுங்க" என்றார். லேப்டாப்பை வைத்தேன். அவர் இரண்டடி பின்னால் நகர்ந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டு கையைக் கட்டிக்கொண்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றார். போனை உயர்த்தி என்னையும் லேப்டாப்பையும் வீடியோ எடுக்க ஆரம்பித்தார்.

"இது எதுக்குங்க?" என்றேன்.

"நான் இதைத் தொட மாட்டேனுங்க" என்றார் மாஸ்டர். "நான் தொட்டா, நாளைக்கு நான்தான் கெடுத்தேன்னு சொல்லுவீங்க. நான் வாயில சொல்றேன். நீங்க கையில பண்ணுங்க. எல்லாம் போன்ல இருக்கட்டும்."

"எதுக்கு இப்பிடிப் பேசுதீங்க, மாஸ்டர்?"

கோபம் வந்தால் என் ஊர்ப் பேச்சு தானாக வந்துவிடும். முன்பென்றால் அவர் அதையே திருப்பிச் சொல்லிக் காட்டியிருப்பார். அன்று முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"பண்றதுன்னா பண்ணுங்க. இல்லீன்னா எடுத்துட்டுப் போங்க. பன்னெண்டு மணிக்கு எனக்கு வேலை இருக்குதுங்க."

பட்டனை அழுத்தச் சொன்னார். அழுத்தினேன். விளக்கு, விசிறி, மூன்று பீப். அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போர்டு போயிருச்சுன்னு கடையில சொன்னாங்க" என்றேன்.

"கடையில சொன்னா கடையிலயே உட்டுட்டு வந்திருக்கலாமுங்களே."

பின்பக்கம் திருப்பச் சொன்னார். பேட்டரியைக் கழற்றச் சொன்னார். சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பட்டனை முப்பது எண்ணும்வரை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். எண்ணினேன். "சத்தமா எண்ணுங்க" என்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒன்றிலிருந்து முப்பதுவரை சத்தமாக எண்ணினேன். அவர் மனைவியின் போன் என் முகத்துக்கு நேராக இருந்தது. பிறகு சார்ஜரை மட்டும் சொருகி அழுத்தினேன். அதே மூன்று பீப்.

அவர் உள்ளே போய் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவரும் பென்சில் ரப்பரும் எடுத்து வந்தார். என் கையில் கொடுக்கவில்லை. மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுச் சுவருக்கே திரும்பிப் போனார்.

"கீழ் மூடியில ஆறு ஸ்க்ரூ இருக்குதுங்க. நடுவுல இருக்கறது கட்டை. கலந்துறாதீங்க."

ஐந்து வந்தன. ஆறாவது சுற்றிக்கொண்டே இருந்தது. "அமுக்கிப் புடிச்சுத் திருப்புங்க. அப்புடியில்லீங்க. அமுக்குங்க." ஸ்க்ரூ டிரைவர் நழுவி என் கட்டை விரலைக் கிழித்தது. நான் விரலை வாயில் வைத்துக்கொண்டேன். இருவரும் நகரவில்லை. அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு வந்த வெறுப்பை எழுத எனக்குக் கூச்சமில்லை. லேப்டாப்பைத் தூக்கி அவர் பென்சில்கள் மேலேயே எறிய வேண்டும் போலிருந்தது.

மூடி கழன்றது. உள்ளே விசிறியைச் சுற்றிப் பஞ்சு மெத்தை மாதிரி அடைந்திருந்தது. ஊசியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கச் சொன்னார். வெள்ளை, நீலம், ரோஸ் என்று அந்தந்த வருடம் ஓடிய துணிகளின் நிறமெல்லாம் அடுக்கடுக்காக வந்தது. அரைக் கைப்பிடி தேறியது. மறுபடி அழுத்திப் பார்த்தேன். விசிறி நன்றாகச் சுற்றியது. திரை வரவில்லை.

"மெமரி எத்தனை இருக்குதுங்க? நீளமாப் பச்சைக் கலர்ல இருக்குமுங்க."

"ரெண்டு."

அவர் சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வந்தார். "ரெண்டா? நான் இருந்தப்ப ஒண்ணுதானுங்க. ஆரு ரெண்டு போட்டது?"

எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு கொஞ்ச நாள் அக்கவுண்ட்ஸில் அதை வைத்திருந்தார்கள். வேகம் போதவில்லை என்று யாரோ இன்னொன்று வாங்கிப் போட்டிருக்க வேண்டும். அன்றோடு அது எழுந்திருக்கவில்லை. அப்படியே தட்டில் ஏறிவிட்டது.

"இடது பக்கத்து சொருகு செத்துப் போய் ஆறேழு வருசமாச்சுங்க. அதுல எதைப் போட்டாலும் எந்திரிக்காது. வேற வாங்கித் தாங்கன்னு நான் எழுதிக் குடுத்தேன். அப்ப நீங்கதான், இருக்கறதை வெச்சு ஓட்டட்டும்னு சொன்னீங்க."

சொல்லியிருப்பேன். நினைவில்லை. ஆனால் அதை நான் சொல்லாதிருக்க வாய்ப்பில்லை.

இடது பக்கத்தில் இருந்ததைக் கழற்றினேன். வலது பக்கத்தில் இருந்ததையும் கழற்றி, அதன் தங்க நிறப் பற்களை ரப்பரால் தேய்க்கச் சொன்னார். ஊதி, சாய்த்துச் சொருகி, 'டக்' என்று சத்தம் வரும்வரை அமுக்கினேன். பட்டனை அழுத்தினேன். ஒரே ஒரு பீப். திரை வெளுத்து, எழுத்துகள் வந்தன. நேரம் தவறு, தேதி தவறு என்று ஏதோ காட்டி நின்றது.

"உள்ள பட்டன் பேட்டரி தீந்துருக்கும். அதுனால தேதி தப்பாக் காட்டும். எஃப் ஒண்ணு அமுக்குங்க. போகும்."

போயிற்று. பழைய திரை வந்தது. நான் நாற்காலியில் பின்னால் சாய்ந்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பேட்டர்ன் இருக்குதுங்க. ஃபைல் பேரு நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். அதுக்கு முன்னால மெயிலைத் தொறங்க."

நெட் இல்லாமலே பழைய மெயில்கள் அதில் தங்கியிருந்தன. கடைசியாக வந்தவை மேலே இருந்தன. ராம்பர் அளவு அட்டவணை என்று நான் அனுப்பியதும் அங்கே இருந்தது.

"அதுல என்ன கெழமை, என்ன நேரம் போட்டுருக்குதுன்னு படிங்க."

நான் படிக்கவில்லை. "இந்த லேப்டாப்புல தேதியே தப்புன்னு நீங்கதான சொன்னீங்க" என்றேன். அந்த வாதம் எப்படி அவ்வளவு வேகமாக எனக்குக் கிடைத்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"இன்னைக்குத் தேதிதானுங்க தப்பு. மெயில்ல இருக்கறது அன்னைக்கே விழுந்தது. படிங்க."

அவர் மனைவி போனை இன்னும் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"வியாழக்கிழமை" என்றேன். "சாயந்தரம் ஆறு பதினெட்டு."

"செவ்வாய்க்கிழமை ஏதாச்சும் இருக்குதுங்களா? தேடிப் பாருங்க."

தேடினேன். இருக்காது என்று தெரிந்தே கீழே போய் மேலே வந்தேன். "இல்ல."

"பிரிண்ட் எடுத்து என் மேசையில வெச்சீங்களா?"

"இல்ல மாஸ்டர். வைக்கல."

வெளியே ரோட்டில் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது. அந்தச் சத்தம் குறைந்ததும் நான், "தப்பு என்னோடதுதான். அன்னைக்குப் பயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"அதைக் கேக்கறதுக்கு நான் உங்களை வரச் சொல்லலீங்க" என்றார். "படிக்கச் சொன்னேன். படிச்சுட்டீங்க. போதும்."

அவர் மனைவிதான் பேசினார். போனை இறக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "எட்டுக் கம்பெனிக்குப் போனாருங்க. எல்லாரும் மொதல்ல சரீன்னாங்க. பொறவு உங்க கம்பெனிக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. மறுநாளு வேண்டாம்னுட்டாங்க. அந்தப் போனை எடுத்தது ஆருங்க?"

"எல்லாத்தையும் நான் எடுக்கலங்க."

"எத்தனை எடுத்தீங்க?"

"ரெண்டு."

"என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவர் மனைவி தலையை ஆட்டினார். அந்த வாசகம் ஏற்கெனவே அவர்களுக்கு யார் மூலமாகவோ வந்திருந்தது போலிருந்தது.

மாஸ்டர் திரையைக் கையால் காட்டாமல், தாடையால் காட்டினார். "பூசணின்னு இருக்குமுங்க. பூசணி ரெண்டு. ஒண்ணை எடுத்துறாதீங்க. அது பழைய கழுத்து."

பூசணி இரண்டைத் திறந்தேன். ராம்பரின் முன்பக்கமும் பின்பக்கமும் திரையில் விரிந்தன. பின்பக்கத்தின் அந்த வளைவைப் பார்த்ததும் இதுதான் என்று தெரிந்தது. புது மாஸ்டர் நேராக இறக்கிய இடத்தில் இவர் லேசாக வெளியே தள்ளி உள்ளே வாங்கியிருந்தார். அதை எங்கள் பிரிண்டர் படிக்கும் படமாக மாற்றி, நான் கொண்டுவந்த பென் டிரைவில் எடுத்துக்கொண்டேன். அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. காகிதங்களைத் திரும்ப விரிக்கத் தொடங்கிவிட்டார்.

கிளம்பும்போது, "அந்த வீடியோ..." என்றேன்.

"ஆருக்கும் அனுப்ப மாட்டேனுங்க. பயப்படாதீங்க. எங்கிட்ட இருக்கும்" என்றார் மாஸ்டர்.

"நீங்க மறுபடி கம்பெனிக்கு வர்றதுன்னா நான் முதலாளிகிட்ட..."

"அம்முணி, கதவைச் சாத்து" என்று அவர் மனைவியிடம் சொன்னார். நான் அப்போது வாசற்படியில்தான் நின்றிருந்தேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. உடுமலையிலிருந்து பல்லடம்வரை நின்றுகொண்டே வந்தேன். வெட்டுப்பட்ட விரல் வலித்தது. அவர் செய்ததில் எதுவுமே அநியாயமில்லை என்று தெரிந்தும் கோபம் இறங்கவில்லை. சத்தமாக எண்ணச் சொன்னதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டேன். மற்றதை நினைக்காமல் இருக்க அது வசதியாக இருந்தது.

திங்கட்கிழமை பேட்டர்னைப் பெரிய பிரிண்டரில் எடுத்துக் கட்டிங்குக்குக் கொடுத்தேன். பிறகு முதலாளி அறைக்குப் போய், அன்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். புது அளவை நான் வியாழக்கிழமைதான் அனுப்பினேன், மாஸ்டர் மேல் தப்பில்லை என்றேன். அவர் கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"தெரியுமுங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"அந்த மெயில்ல எனக்கும் ஒரு காப்பி போட்டிருந்தீங்களே. எப்பவும் போடுவீங்கல்ல. அன்னைக்கே பார்த்துட்டேன்." பிறகுதான் என்னைப் பார்த்தார். "மாஸ்டரை அனுப்பினா இன்னொரு மாஸ்டர் கெடைப்பாருங்க. உங்களை அனுப்பியிருந்தா பையர் போயிருப்பாரு. ஆராவது ஒருத்தர் போய்த்தான ஆகணும். அதை விடுங்க. சாம்பிள் எப்பப் போகுது?"

நான்கு வருடமாக என் பொய்யை அவர் நம்பினார் என்று நினைத்திருந்தேன். அந்த நம்பிக்கையின் பாரத்தை நானாகச் சுமந்துகொண்டும் இருந்தேன். அவருக்கு அது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை சாம்பிள் போகும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

சாம்பிள் போனது. ஒரே முறையில் ஒப்புதல் வந்தது. அந்த வாரமே கம்பெனி லெட்டர் பேடில் ஒரு கடிதம் அடித்தேன். புது அளவு அட்டவணை பேட்டர்ன் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தது வெட்டு தொடங்கிய பிறகுதான், தாமதம் என்னுடையது, அந்த ஆர்டரில் மாஸ்டரின் வேலையில் எந்தக் குறையும் இல்லை. கீழே கையெழுத்துப் போட்டு, கம்பெனி முத்திரை வைத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன். முதலாளியிடம் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து மாஸ்டரின் மனைவி கூப்பிட்டார்.

"கடுதாசி வந்துருச்சுங்க."

"மாஸ்டர் படிச்சாருங்களா?"

"படிச்சாரு."

"ஏதாவது சொன்னாருங்களா?"

"ஒண்ணுஞ் சொல்லலீங்க. பீரோவுல வெச்சுட்டாரு. இனிமே நீங்க இந்த நெம்பருக்குக் கூப்புட வேண்டாமுங்க."

கூப்பிடவில்லை.

லெட்டர் பேடு விஷயம் முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த மாதம் அந்தப் பையரை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு, என்னை வேலம்பாளையம் யூனிட்டுக்கு மாற்றினார். அங்கே உள்ளூர்க் கடைகளுக்குப் போகும் சாதாரணப் பனியன்தான் தைக்கிறார்கள். மெயில் கிடையாது, போனிலேயே ஆர்டர் வரும். "உங்களுக்கும் கொஞ்சம் ரெஸ்ட்டா இருக்குமுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

கடிதம் எழுதிய பிறகு மாஸ்டர்மேல் இருந்த கசப்பு போய்விடும் என்று எதிர்பார்த்தேன். போகவில்லை. அவர் நல்ல மனிதர் என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. அவரோடு மறுபடி ஒரே அறையில் உட்கார என்னால் முடியாது. அவருக்கு நான் செய்ததும் அப்படியே இருக்கிறது. வேலம்பாளையத்தில் காலை எட்டரைக்கு மிஷின்கள் ஓட ஆரம்பிக்கும். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் போய், அன்றைக்கு வெட்ட வேண்டிய அளவை நானே கையால் எழுதி, கட்டிங் மாஸ்டரிடம் கொடுத்து, அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்கிறேன். அவர் ஒரு நாள், "எதுக்குங்க மேடம் டெய்லி இதெல்லாம்?" என்று கேட்டார். போட்டுக் கொடுங்கள் என்று மட்டும் சொன்னேன்.